குட்டை ஆப்பிள் மரம் வாங்கப் போகிறீர்களா? பழத்தின் பெயர் இருக்கட்டும், வேரின் பெயரைக் கேளுங்கள்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இல்லாதவர்கள் இதோடு நகர்ந்துவிடலாம். இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம் வைத்திருக்கும் யாரும் குட்டை ஆப்பிள் மரம் வாங்கலாம், போட்ட காசுக்கு மோசமில்லை, மூன்றாவது வருஷம் வாக்கில் பை நிறையப் பறிக்கிற அளவுக்குக் காய்க்க ஆரம்பித்துவிடும். ஆனால் லேபிளில் எம்9, எம்26 என்று வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக் கன்றின் கீழ்ப்பாதியின், பெயர் போடாத கன்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

என் தோட்டம் மேற்கு லண்டனில் ஒரு வரிசை வீட்டின் பின்புறம். சுத்தக் களிமண், மழைக்காலத்தில் செருப்பைப் பிடித்து இழுக்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் மூன்று ஆப்பிள் நிற்கின்றன. எம்9 வேரில் ஒட்டிய சன்செட் ரகம் தரையில் இருக்கிறது, எம்26 வேரில் ஒட்டிய டிஸ்கவரி ரகம் பெரிய தொட்டியில் இருக்கிறது, மூன்றாவது புதுமனைப் புகுவிழாவுக்கு நண்பர் ஒருவர் ஏதோ ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்த கன்று. அதன் அட்டையில் ‘காக்ஸ், குட்டை ரகம், தொட்டிக்கு ஏற்றது’ என்று அழகான சிவப்புப் பழத்தின் படத்தோடு போட்டிருந்தது, வேரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

ஊரில் ஒட்டு மாங்கன்று வாங்கியவர்களுக்கு விஷயம் புதிதல்ல. மேல்பாதி ஒரு மரம், கீழ்ப்பாதி இன்னொரு மரம். நாம் எப்போதும் மேல்பாதியைத்தான் விசாரிப்போம், பங்கனப்பள்ளியா, இமாம்பசந்தா என்று. ஆப்பிளில் மேல்பாதி தீர்மானிப்பது பழத்தின் ருசியையும் நிறத்தையும் பழுக்கும் மாதத்தையும். மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனை வருஷத்தில் காய்க்கும், காற்றுக்கு நிற்குமா என்பதையெல்லாம் பெரும்பாலும் கீழ்ப்பாதிதான் முடிவு செய்கிறது. அதே காக்ஸ் கிளையை எம்27 வேரில் ஒட்டினால் ஆறடியோடு நின்றுவிடும், எம்25 வேரில் ஒட்டினால் பதினைந்து அடியைத் தாண்டி ஏணி கேட்கும்.

இந்த எண்களில் ஒரு குழப்பம் உண்டு. எண் கூடினால் மரம் பெரிதாகும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எம்27தான் மிகக் குட்டை, அடுத்து எம்9, எட்டு முதல் பத்தடி. அப்புறம் எம்26, அதைவிடக் கொஞ்சம் அதிகம். எம்எம்106 பன்னிரண்டு அடிக்கு மேல் போகும், எம்25 பெரிய தோப்புக்கானது. எண்ணுக்கும் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. கென்ட் மாவட்டத்தில் ஈஸ்ட் மாலிங் என்ற ஊரில் 1913ஆம் ஆண்டு பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் நர்சரிக்காரர்கள் ‘பாரடைஸ்’ என்ற ஒரே பெயரில் கையில் கிடைத்த எந்த வேர்ச்செடியையும் விற்றுக்கொண்டிருந்தார்கள், வாங்கியவனுக்கு மரம் வளர்ந்த பிறகுதான் தெரியும். ரொனால்ட் ஹட்டன் என்பவர் அவற்றையெல்லாம் சேகரித்து, நட்டுப் பார்த்து, வகை பிரித்து எண் போட்டார். ஆக, அது உயரத்தின் அளவு அல்ல, பட்டியலில் கிடைத்த இடம். எம்27 போன்றவை பிற்பாடு அங்கேயே கலப்பினம் செய்து வந்தவை. எம்எம் என்று வருபவை ஈஸ்ட் மாலிங்கும் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிலையமும் சேர்ந்து, வெள்ளைப் பஞ்சு மாதிரி அப்பிக்கொள்ளும் ஒருவகை அசுவினிக்குத் தாக்குப்பிடிப்பதற்காக உருவாக்கியவை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மெனக்கெட்டுத் தீர்த்து வைத்த குழப்பத்தை இன்றைக்குச் சில கடைகள் அட்டையில் ‘குட்டை’ என்று மட்டும் போட்டுத் திரும்பக் கொண்டுவருகின்றன, எனக்கு அதில்தான் எரிச்சல்.

சரி, மரங்களுக்கு வருவோம்.

சன்செட்டைத் தபாலில் அனுப்பும் ஒரு நர்சரியிடம் வாங்கினேன். தொட்டி இல்லாமல் வெறும் வேரோடு வரும் கன்று, நவம்பரிலிருந்து மார்ச் வரை மரம் தூங்கும் காலத்தில் மட்டும் அனுப்புவார்கள். நீளமான அட்டைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே இலை ஒன்றுகூட இல்லாத ஒரு குச்சி, கீழே ஈரத்தாள் சுற்றிய வேர். பார்த்தால் இதற்கா இவ்வளவு காசு என்றுதான் தோன்றும். இப்படி வரும் கன்று இருபதிலிருந்து நாற்பது பவுண்டுக்குள் கிடைக்கும், தொட்டியில் வளர்ந்ததை வாங்கினால் அதைவிடக் கணிசமாக அதிகம். அதிகம் கொடுத்து வாங்கியது எந்த விதத்திலும் சீக்கிரம் காய்க்கப் போவதில்லை. வெறும் வேர்க் கன்று வந்த இடத்தில் சட்டென்று பிடித்துக்கொள்ளும், தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்ச் சிக்கலும் இருக்காது, வகைகளும் அதில்தான் அதிகம். எனக்கு வந்த கன்றில் வேர் ஈரமாக இருந்தது, ஒட்டு போட்ட இடம் சுத்தமாக ஆறியிருந்தது, லேபிளில் ரகம், வேர்ச்செடி, வயது மூன்றும் இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடும்போது கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று, அதைக் கோட்டைவிட்டால் குட்டை மரத்துக்குக் கொடுத்த காசு மண்ணாகப் போகும். ஒட்டு போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே நாலு விரற்கடையாவது தெரிய வேண்டும். முடிச்சு மண்ணுக்குள் போனால் மேல்பாதி தானே வேர் விட்டுவிடும், அப்புறம் எம்9 வேருக்கு வேலையே இல்லை, மரம் தன் இஷ்டத்துக்கு வளரும். வருஷா வருஷம் மூடாக்குப் போடும்போதும் அந்த முடிச்சை மூடிவிடக் கூடாது.

எம்9 வேர்ச்செடியின் குணங்களை விற்பவர்கள் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள், நான் பெரிதாகவே சொல்கிறேன். அதன் வேர் சட்டென்று ஒடியக்கூடியது. எனவே முட்டுக்கம்பு ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, மரம் இருக்கும்வரை வேண்டும். காய் பாரத்தோடு ஒரு காற்று அடித்தால் சாய்ந்துவிடும். வேர் ஆழமாகவும் போகாது, அதனால் சுற்றிலும் புல் இருந்தால் அந்தப் புல்லோடு தண்ணீருக்குப் போட்டி போட்டுத் தோற்கும். மரத்தடியில் ஒரு மீட்டர் வட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு மரத்தூள் போட்டிருக்கிறேன். 2022 ஜூலையில் இந்த நாட்டில் முதன்முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியபோது தெருவில் இருந்த பெரிய ஆப்பிள் மரங்கள் கவலையில்லாமல் நிற்க, என் சன்செட் மட்டும் மதியத்துக்குள் இலையைத் தொங்கப்போட்டது. சாயங்காலம் சாயங்காலம் வாளியில் தண்ணீர் ஊற்றித்தான் காப்பாற்றினோம். தண்ணீர் ஊற்ற முடியாது, அடிக்கடி ஊருக்குப் போய்விடுவோம் என்பவர்களும் மண் ரொம்ப மோசமாக இருப்பவர்களும் எம்எம்106க்குப் போய்விடுங்கள். உயரம் கொஞ்சம் கூடினாலும் கவாத்தில் அடக்கிக்கொள்ளலாம்.

இத்தனை கெடுபிடிக்கும் ஈடாக அது கொடுப்பது காய். குட்டை வேரில் மரம் கட்டை வளர்ப்பதைக் குறைத்துக்கொண்டு சீக்கிரமே பூவுக்குப் போய்விடுகிறது. முதல் வசந்தத்தில் வந்த பூவைக் கிள்ளிவிட வேண்டும், மனசு வராது, இருந்தாலும் கிள்ளுங்கள், வேர் பிடிக்கட்டும். அதற்குப் பிறகு என் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் ஒரு மரத்தில், நின்ற இடத்திலிருந்தே கை எட்டும் தூரத்தில், செப்டம்பர் பாதிக்கு மேல் பழம். சன்செட் என்பது காக்ஸ் ஆரஞ்ச் பிப்பினின் விதையிலிருந்து கென்ட்டில் உருவான ரகம். ருசியில் அப்பாவை உரித்து வைத்திருக்கும், நோயில் அப்பாவைப் போல இல்லை. காக்ஸின் பெருமை எல்லோருக்கும் தெரியும், 1825 வாக்கில் ரிச்சர்ட் காக்ஸ் என்ற ஓய்வுபெற்ற பீர் வடிப்பாளர் ஸ்லவ் பக்கத்தில் கோல்ன்ப்ரூக்கில் வளர்த்தது, இன்றைக்கு ஹீத்ரோ விமானங்கள் தாழப் பறக்கிற இடம். ஆனால் வீட்டுத்தோட்டத்தில் காக்ஸ் ஒரு நோயாளி. சொறிநோய், சொறிப்புண், சாம்பல்நோய் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்கும். காக்ஸ் ருசி வேண்டும், மருந்தடிக்க விருப்பமில்லை என்றால் சன்செட்தான் என் சிபாரிசு. பழம் சின்னது, கடை ஆப்பிள் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரி, கடித்தால் மூக்குக்கும் ஏதோ போகும். காஷ்மீர் ஆப்பிளின் மாவுத்தன்மைக்குப் பழகிய என் அம்மா முதல் துண்டிலேயே ‘புளிக்குது’ என்று தள்ளிவைத்துவிட்டு, அன்று சாயங்காலமே உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு முழுப் பழத்தைச் சாப்பிட்டார்.

அவருக்கும் எனக்கும் சண்டை வந்தது வேறு விஷயத்தில். ஜூனில் மரம் தானாகவே கொஞ்சம் பிஞ்சை உதிர்க்கும். அது போதாது. ஜூலையில் நாமே கொத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பிஞ்சை விட்டுவிட்டு மீதியைப் பிய்த்துப் போட வேண்டும், நடுவில் கோணலாக இருப்பதை முதலில். பிள்ளை மாதிரி வளர்த்த பிஞ்சைப் பிய்க்கிறாயே பாவி என்று அம்மா மரத்தடியில் நின்றுகொண்டு சத்தம் போட்டார். பிய்க்காமல் விட்டால் அந்த வருஷம் கோலிக்குண்டு அளவில் நூறு காய், அடுத்த வருஷம் ஒன்றுமில்லை. குட்டை மரத்துக்கு அவ்வளவையும் தாங்கும் உடம்பு கிடையாது, கிளையும் ஒடியும்.

தொட்டி டிஸ்கவரிக்கு வேறு கதை. தொட்டிக்கு எம்27தானே சரி, இருப்பதிலேயே குட்டை அதுதானே என்று பலரும் கேட்கிறார்கள். எம்27 ரொம்ப பலவீனமானது, நல்ல மண்ணிலேயே சீராட்ட வேண்டும், தொட்டியில் வைத்தால் இன்னும் நொந்துபோகும். தொட்டியே வேரை அடக்கிவிடுவதால் கொஞ்சம் தெம்பான எம்26 போன்ற வேர்தான் அங்கே பொருத்தம். தொட்டி அரை மீட்டர் அகலமாவது இருக்கட்டும், ஜான் இன்னஸ் 3ஆம் எண் என்று விற்கும் மண் சேர்ந்த தொட்டிக் கலவை போடுங்கள், வெறும் தேங்காய்நார்க் கலவையில் தொட்டி எடை இல்லாமல் காற்றில் விழும். கோடையில் தினமும் தண்ணீர், இதில் சமரசமே கிடையாது. இரண்டு நாள் வெளியூர் போனால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

டிஸ்கவரி ஆகஸ்டிலேயே பழுத்துவிடும். சூரியன் பட்ட பக்கம் நல்ல சிவப்பு, வெட்டினால் சில பழங்களில் தோலின் சிவப்பு சதைக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருக்கும். மரத்திலிருந்து பறித்து அங்கேயே நின்று கடித்தால் அருமை, ஒரு வாரம் கூடையில் வைத்தால் சப்பென்று ஆகிவிடும். சேமித்து வைக்கிற பழம் அல்ல. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பிரச்சினை எழவே எழாது. கவாத்தில் மட்டும் ஒரு ஜாக்கிரதை, டிஸ்கவரி கிளை நுனியிலும் காய்க்கும், எனவே எல்லா நுனியையும் ஒரே சீராக வெட்டி வேலி மாதிரி ஆக்கிவிட்டால் அடுத்த வருஷத்துக் காயையும் வெட்டிவிட்டதாக அர்த்தம்.

இப்போது மூன்றாவது. பத்துப் பவுண்டு பக்கம் இருக்கும், நண்பர் சொல்லவில்லை. நட்ட அன்றைக்கு மூன்றிலும் அதுதான் பார்க்க லட்சணமாக இருந்தது, தளதளவென்று. இன்றைக்கு வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. நீளநீளமாக நேர்க்கொம்புகள், அவற்றில் இலை, அவ்வளவுதான். பூ என்று சொல்லிக்கொள்ள ஓரத்தில் ஒரு கொத்து. தண்டில் சொறிப்புண் வந்து, வெட்டி எடுத்த பிறகும் கீழே இன்னொன்று வந்திருக்கிறது. கடையில் போய் இது எந்த வேர்ச்செடி என்று கேட்டபோது அந்தப் பையனுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை, அவனைச் சொல்லிக் குற்றமில்லை, மேலிடத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு ‘எங்கள் கன்றுகள் அனைத்தும் சிறு தோட்டங்களுக்கு ஏற்றவை’ என்று ஒரு பதில். எம்எம்106ஆக இருக்கலாம், அதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம், இன்னும் சில வருஷம் கழித்து மரமே சொல்லும். ஐந்துக்கு ஒரு மதிப்பெண்தான் கொடுப்பேன். அந்த ஒன்றும் நண்பரின் மனசுக்காக.

துணை மரம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலான ஆப்பிள் ரகங்கள் தன் மகரந்தத்தில் தானே சரியாகக் காய்க்காது, அதே சமயத்தில் பூக்கும் வேறு ரகம் பக்கத்தில் வேண்டும். சன்செட்டும் டிஸ்கவரியும் ஒரே பூக்கும் பருவத்தைச் சேர்ந்தவை, ஒன்றுக்கொன்று உதவிக்கொள்கின்றன. லண்டன் மாதிரி ஊரில் பெரும்பாலும் கவலை வேண்டாம், தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் ஆப்பிளோ அழகுக்கு வைத்த கிராப் ஆப்பிளோ இருக்கும், தேனீக்கு வேலி தெரியாது. ப்ராம்லி என்ற ரகம் ஒரு விதிவிலக்கு, அதன் மகரந்தம் பிறருக்கு உதவாது, அதற்குத்தான் மற்றவர்கள் உதவ வேண்டும். அது சமையல் ஆப்பிள், பச்சையாகக் கடித்தால் பல் கூசும். மாங்காய் கிடைக்காத நாளில் அதை நறுக்கி நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் போட்டு ஊறுகாய் கிளறினால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. சீக்கிரம் குழைந்துவிடும், அடுப்பில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீரியமான ரகம் என்பதால் ப்ராம்லி வேண்டுபவர்கள் எம்9 வேரிலேயே கேட்டு வாங்குங்கள், அப்போதும் சன்செட்டைவிடப் பெரிதாகத்தான் வரும்.

பூச்சியைப் பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை. பழத்துக்குள் புழு வைக்கும் அந்துப்பூச்சிக்கு மே மாதத்தில் ஒரு இனக்கவர்ச்சிப் பொறி, தண்டில் ஏறும் அந்துப்பூச்சிக்கு அக்டோபரில் ஒரு பசைப்பட்டை, பஞ்சு அசுவினியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுவது, அவ்வளவுதான் செய்கிறேன். மேற்கு லண்டனின் உண்மையான பிரச்சினை கிளி. ஆமாம், நம் ஊர்ப் பச்சைக்கிளியேதான், எப்படியோ இங்கே குடியேறிக் கூட்டம் கூட்டமாகப் பெருகிவிட்டது. ஒரு பழத்தை முழுசாகத் தின்றாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து கொத்திவிட்டுப் போகும். இங்கேதான் குட்டை மரத்தின் அருமை தெரிகிறது, பத்தடி மரத்துக்கு வலை போர்த்தலாம், இருபதடி மரத்துக்கு யாரால் முடியும்?

ஒரே மரத்தில் மூன்று ரகம் ஒட்டித் தருகிறார்களே, குச்சி மாதிரி நேராக நிற்கும் தூண் ஆப்பிள் இருக்கிறதே என்றும் கேட்கிறார்கள். மூன்று ரக மரத்தில் வீரியமான ஒன்று மற்ற இரண்டையும் அமுக்கிவிடும், விடாமல் கவாத்துப் பண்ணத் தெரிந்தவர்களுக்குத்தான் அது. தூண் ஆப்பிள் பால்கனிக்கு நல்லது, ஆனால் அதில் வரும் ரகங்கள் குறைவு, ருசிக்காக வாங்குபவர்கள் முதலில் எங்காவது சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். சாப்பிட்டுப் பார்க்கவே ஃபேவர்ஷாம் பக்கத்தில் ப்ராக்டேல் இருக்கிறது, தேசியப் பழத் தொகுப்பு, ஆப்பிளில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரகங்கள். இலையுதிர்காலத்தில் ஒருநாள் போய்வந்தால் அப்புறம் படத்தைப் பார்த்து மரம் வாங்க மாட்டீர்கள்.

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்கும் சொந்தக்காரர்களுக்காக ஒரு பத்தி. மதுரையில் மாடியில் எம்9 ஆப்பிள் வைக்கலாமா? குட்டை வேர் உயரத்தைக் குறைக்கும், குளிரைக் கொடுக்காது. நான் மேலே சொன்ன ரகங்கள் எல்லாவற்றுக்கும் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் ஏழு டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும், இல்லையென்றால் மொட்டு சரியாக விழிக்காது. சமவெளிக்கு என்று இருப்பவை வேறு. இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸிலிருந்து வந்த டார்செட் கோல்டன், இமாசலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்ஆர்எம்என்99. ஆசைக்கு வைப்பதென்றால் அவற்றில் ஒன்றை வையுங்கள், கொடைக்கானலில் வீடு இருந்தால் இன்னும் நல்லது. தொட்டியில் முழங்கால் உயரக் கன்றில் முப்பது சிவப்புப் பழம் தொங்கும் விளம்பரத்தைப் பார்த்து மட்டும் பணம் அனுப்பாதீர்கள்.

எனக்கு அடுத்த வேலை, அந்தப் பெயரில்லாத மரத்தை இந்தக் குளிர்காலத்தில் வேரோடு எடுப்பது. நண்பரிடம் சொல்லியாகிவிட்டது, சிரித்தார். அதே குழியில் இன்னொரு ஆப்பிள் நட்டால் சரியாக வராது, பழைய வேரிருந்த மண்ணில் புது ஆப்பிள் குன்றிப்போகும், ரோஜாவும் அதே குடும்பம் என்பதால் அதையும் அங்கே வைக்கத் தயக்கம். கறிவேப்பிலை வெளியே பிழைக்காது. அந்த மூலைக்கு ஒரு கருப்புத் திராட்சை சொல்லியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் வேலியோரமாக எம்9 வேரில் எக்ரிமண்ட் ரஸ்ஸட் என்ற ஆப்பிள் ரகம், சாய்த்துக் கட்டி ஒற்றைத் தண்டாக வளர்ப்பதற்கு. நல்ல நர்சரிகளில் எம்9 கன்றுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் கோடையிலேயே பதிவு செய்துவிட்டேன், பெட்டி டிசம்பரில் வரும்.